வர இயலாமை இயல்

மறுத்துப் பேசுதல் என்னும் கலையில் நம்மவர்க்கு நெடுங்காலப் பயிற்சி உண்டு. கடன் கேட்டு வருபவனைக் காபி கொடுத்து அனுப்பிவிடும் முறையும், பெண் கேட்டு வந்தவர்களிடம் ஜாதகத்தின்மேல் பழியைப் போட்டுவிடும் முறையும், சங்க ஆண்டு விழாவுக்குத் தலைமை தாங்க அழைப்பவர்களிடம் தம்மைவிடத் தகுதியுடையோர் இன்னார் என்று கூறி அந்தத் தகுதியுடையோரின் விலாசத்தையும் எழுதிக் கொடுத்துவிடும் முறையும் தலைமுறை தலைமுறையாகக் கையளிக்கப்பட்டு வருவன. ஆயினும், தீபாவளிக்கு முந்திய சில வாரங்களில் சென்னைத் தியாகராய நகரின் ஜவுளிக் கடையொன்றில் பகுதி நேரமாக வேலை பார்க்கும் சீசன் ஆள் ஒருவன், தனக்கு ஓய்வு நாள் என்று முந்தின இரவே உறுதி செய்யப்பட்ட ஒரு நாளின் காலை ஒன்பதே கால் மணிக்கு, இன்னும் பல் துலக்காத நிலையில், ‘தம்பி, எங்க இருக்க?’ என்று தொடங்கும் தொலைபேசி அழைப்புக்கு எங்ஙனம் மறுமொழி கூற வேண்டும் என்பது பற்றி நம் சாஸ்திரக்காரர்களில் எவரும் ஒரு வரி எழுதி வைத்ததாகத் தெரியவில்லை. இக்குறையை நிவர்த்தி செய்வதே இந்த ஆராய்ச்சியின் பிரயோஜனம்.

முதற்கண் விஷயத்தின் லட்சணத்தை வரையறுத்துக்கொள்வோம். சீசன் ஆள் என்பவன் கடையின் பணியாளனும் அல்லன், பணியாளன் அல்லாதவனும் அல்லன். தீபாவளிக் கூட்டம் தொடங்குகையில் தோன்றி, தீபாவளியன்று காலையில் மறைபவன். (இங்கு ஆண்பாலாற் கூறப்படுவன எல்லாம், ஒரு பாலைச் சொன்னது மறு பாலுக்கும் செல்லும் என்ற இலக்கண நியாயத்தால் பெண்பாலுக்கும் பொருந்தும்; சேலைப் பிரிவிலும் பில் கவுண்டரிலும் நிற்பவருள் பெண்களே மிகுதி என்பதையும் மறத்தலாகாது.) சென்னைக் கல்லூரிகள் பலவற்றில் முற்பகல் ஒரு பிரிவும் பிற்பகல் ஒரு பிரிவுமாக வகுப்புகள் நடைபெறுவதால், நாளின் பாதியைக் கல்விக்கும் மறு பாதியைச் சட்டைத் துணி மடிப்பதற்கும் பங்கிட்டுக்கொள்ளும் வசதி மாணாக்கர்க்கு வாய்த்திருக்கிறது. கல்லூரிக்கு வராமலிருக்கக் காரணம் சொல்லிப் பழகியவர்கள் ஆதலின் கடைக்கு வராமலிருக்கவும் அவர்கள் எளிதில் காரணம் சொல்லிவிடுவர் என்று கருதுவோர் உளர். அது பிசகு. கல்லூரியில் காரணத்தைக் கேட்பவர், வராதது பற்றிக் கேட்கிறார். கடையில் கேட்பவர், வரவழைப்பதற்காகக் கேட்கிறார். இரண்டும் வேறு வேறு வித்தைகள்.

இனி, இடம். நீதிக் கட்சித் தலைவர் பிட்டி தியாகராயரின் பெயரால், சாவகாசமாகக் குடியிருப்பதற்கென்று 1920-களில் உருவாக்கப்பட்ட அந்நகரில், மாம்பலம் ரயில் நிலையத்துக்கும் உஸ்மான் சாலைக்கும் இடையே கிடக்கும் ரங்கநாதன் தெரு, மற்ற நாட்களில் சில நிமிஷங்களில் நடந்து கடக்கக்கூடியதே. தீபாவளிக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமைகளிலோ அங்கே நடத்தல் என்ற செய்வினையே செயப்பாட்டு வினையாக மாறிவிடுகிறது. மனிதன் நடப்பதில்லை, நடத்தப்படுகிறான். இத்தகைய தெருவில் நான்கு மாடி, ஐந்து மாடி எழுப்பி நிற்கும் கடைகளில் நிரந்தரமாக வேலை பார்ப்போர் பலர் தென் மாவட்டங்களிலிருந்து வந்து, கடையார் ஏற்பாடு செய்த விடுதியிலேயே உண்டு உறங்குபவர்கள். 2010-இல் வசந்தபாலன் எடுத்த ‘அங்காடித் தெரு’ என்ற படம் அவர்களுடைய வாழ்க்கையைத் தமிழ்நாடு முழுவதும் அறியச் செய்தது. அவர்கள் விஷயத்தில் கடைசி நேர அழைப்பு என்ற பிரச்சினையே எழுவதற்கில்லை. மாடிப்படியில் நின்று கூப்பிட்டால் காதில் விழும் தூரத்தில் படுத்திருப்பவனைத் தொலைபேசியில் அழைப்பானேன்? ஆகவே மறுப்புக்கு முதற்காரணம் தைரியம் என்று பொதுவாகச் சொல்லப்படுவது ஆராய்ச்சிக்கு நில்லாது. முதற்காரணம் தூரமே. குரோம்பேட்டையிலோ அம்பத்தூரிலோ சொந்த வீட்டுக் கூரையின் கீழ்ப் படுத்திருக்கும் பாக்கியம் வாய்ந்த சீசன் ஆள் ஒருவனுக்கே மறுத்தல் என்னும் வினை சாத்தியமாகிறது. அதனாலேயே அது அவனுக்குச் சங்கடமாகவும் ஆகிறது.

அழைப்பின் அமைப்பு கவனிக்கத்தக்கது. சூப்பர்வைசர் என்ற ஸ்தானத்தில் இருப்பவர் எடுத்த எடுப்பில் ‘வேலைக்கு வா’ என்று கூறுவதில்லை. ‘எங்க இருக்க?’ என்றே தொடங்குகிறார். மேலெழுந்தவாரியாகப் பார்ப்பவர்க்கு இது அறியாமையால் எழுந்த வினாவாகத் தோன்றும். பதின்மூன்றாம் நூற்றாண்டில் சீயகங்கன் வேண்டுகோளுக்கிணங்கப் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், சொல்லதிகாரத்துப் பொதுவியலில் வினாவை அறிவு, அறியாமை, ஐயம், கொளல், கொடை, ஏவல் என ஆறாக வகுத்திருக்கிறது. ‘எங்க இருக்க?’ என்பது அறியா வினாவின் வேஷம் பூண்ட ஏவல் வினா. ‘வீட்லதாண்ணே’ என்று பையன் உண்மையைச் சொன்ன மாத்திரத்தில் வழக்கில் பாதி தீர்ந்துவிட்டது; வீட்டில் இருப்பவன் சும்மா இருப்பவன், சும்மா இருப்பவன் வரக்கூடியவன் என்ற அனுமானம் எதிர்முனையில் ஏற்கெனவே சித்தமாக இருக்கிறது. பிறகு வருவது, ‘ஆளு கம்மியா இருக்கு தம்பி. ஒரு நாள்தான, அட்ஜஸ்ட் பண்ணிக்கோ’ என்னும் பகுதி. இதற்கும் அசையாதவர்க்கு இறுதியில் ஒரு கொடை வினா காத்திருக்கிறது: ‘ஒரு நாள் சம்பளம் உனக்கு வேணுமா, வேண்டாமா?’ வாடிக்கையாளர் கேட்கும் ‘மாம்பழக் கலர்ல இருக்கா?’ என்ற கொளல் வினாவையும் சேர்த்தெண்ணினால், நன்னூலார் கூறிய ஆறில் பெரும்பகுதி ஒரே ஜவுளிக் கடையில் ஒரே முற்பகலில் பிரயோகமாவதைக் காணலாம். இலக்கணம் உலக வழக்கினின்று பிறந்ததென்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

வினா இவ்வாறு. விடையை நன்னூலார் எட்டாக வகுத்தார்: சுட்டு, மறை, நேர், ஏவல், வினா எதிர் வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி. இவற்றுள் முதல் மூன்றும் நேரடி விடைகள். பின் ஐந்தும் விடையின் பொருளைக் குறிப்பால் தருவன. உரைகளிலும் பள்ளிப் புத்தகங்களிலும் ‘இது செய்வாயா?’ என்பது போன்ற வினாவை வைத்துக்கொண்டே இவை பெரும்பாலும் விளக்கப்படுகின்றன என்பதை நோக்கும்போது, ஏதோ ஒரு காலத்தில் ஏதோ ஒரு கடையில் ஆள் குறைந்திருந்தது என்று ஐயுறத் தோன்றுகிறது. வேலை ஏவப்பட்ட தமிழன், ‘செய்யேன்’ என்று ஒரே சொல்லால் முடிக்காமல், அதே பொருளை ஐந்து வழிகளில் சுற்றிச் சொல்லுவான் என்பதை அம்முனிவர் அன்றே கண்டுகொண்டு அவற்றுக்கும் விடை என்ற அந்தஸ்தை வழங்கினார். இலக்கணத்தில் அது சரி. கடையில் அவ்வைந்துள் ஒன்றேனும் விடையாக ஏற்றுக்கொள்ளப்படுகிறதா என்பதே இங்கு ஆராயத்தக்கது.

சுட்டுவிடை நமக்கு உதவாது, ‘வேட்டி எங்கே?’ என்பார்க்கு ‘இரண்டாவது மாடி’ என்று கை காட்டுவதோடு அதன் பணி முடிகிறது. மறைவிடையைப் பின்னர்க் கவனிப்போம். நேர்விடையாவது ‘வர்றேண்ணே’ என்று உடன்படுதல். உடன்படுபவனுக்கு ஆராய்ச்சி எதற்கு? ஏவல் விடையாவது, ‘நீங்களே நின்னு பில் போடுங்கண்ணே’ என்பது. தர்க்க ரீதியாக இதில் ஒரு குற்றமும் இல்லை. ஆனால் இதைப் பிரயோகித்துப் பார்த்தவர் எவரையும் யான் சந்தித்ததில்லை. வினா எதிர் வினாதலில் அபாயம் மிகுதி. ‘நான் வராம இருப்பேனாண்ணே?’ என்று பணிவோடு தொடங்கி, ‘ஆனா இன்னைக்கு...’ என்று திரும்ப எண்ணியிருப்பவன், முதல் வாக்கியம் முடிவதற்குள் ‘அப்ப சரி, பதினொண்ணுக்கு வந்துரு’ என்று தொடர்பு துண்டிக்கப்படுவதைக் காண்பான். சற்றே துணிந்தவன், ‘நேத்து நீங்கதானண்ணே லீவுன்னு சொன்னீங்க?’ என்று கேட்பதுண்டு. அதற்குரிய பதில், ‘அது நேத்து’ என்பது. காலத்தின் அநித்தியத்தைப் பற்றி இத்தனை சுருக்கமாகப் பேசியவர் வேதாந்திகளிலும் குறைவு.

நம் இளைஞர்களின் பேரன்புக்குப் பாத்திரமானது உற்றது உரைத்தல். ‘காய்ச்சல்ணே’ என்பான். இவ்விடத்தில் சற்றுத் தங்கிச் செல்வோம். இத்துறையின் கருவூலம் இதுவே. உற்றதாக உரைக்கப்படுவனவற்றுள் உடம்பைச் சார்ந்தவை, உறவைச் சார்ந்தவை, போக்குவரத்தைச் சார்ந்தவை, வானத்தைச் சார்ந்தவை என்று பல உண்டு. உடம்பைச் சார்ந்தவற்றுக்கு எதிர்முனையில் சிகிச்சை தயாராக இருக்கிறது: ‘மாத்திரை ஒண்ணு போட்டுட்டு வா, ஏசியிலதான நிக்கப்போற.’ உறவைச் சார்ந்தவை, அவற்றுள்ளும் பாட்டியின் மரணம், ஒரு சீசனில் ஒரு பாட்டி என்ற இயற்கை வரம்புக்கு உட்பட்டவை. அதனை அறியாது மூன்றாம் பாட்டியைக் காலமாக்கியவர்கள் உண்டெனக் கேள்வி. போக்குவரத்துக் காரணங்களுக்கு முன்னாளில் நல்ல மதிப்பு இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் பராமரிப்பு வேலையின் பொருட்டு மின்சார ரயில்களில் சிலவற்றை ரத்து செய்வது தெற்கு ரயில்வேயின் வழக்கமாதலால், அது கடவுள் கொடுத்த காரணமாகவே கருதப்பட்டது. ஆனால் ரயில்வே அந்த அறிவிப்பை முன்கூட்டியே வெளியிட்டுவிடுகிறது. சூப்பர்வைசரும் பத்திரிகை படிக்கிறார். ஸ்டேஷனில் இறங்கியும் கூட்டத்தில் நீந்திக் கடைக்கு வந்து சேர ஒரு மணி நேரம் ஆகும் என்ற வாதமோ, 2023-ஆம் ஆண்டு மே மாதத்தில் மாம்பலம் ரயில் நிலையத்தையும் தியாகராய நகர்ப் பேருந்து நிலையத்தையும் இணைக்கும் ஆகாய நடைபாலம் திறக்கப்பட்டதோடு வலுவிழந்துவிட்டது. மக்கள் வசதிக்காக அரசாங்கம் செய்யும் காரியங்களால் யாருக்கு என்ன சேதம் விளைகிறதென்று எவரும் முன்கூட்டி யோசிப்பதில்லை.

வானத்தைச் சார்ந்த காரணமே எஞ்சியவற்றுள் உறுதியானது. வடகிழக்குப் பருவமழை வழக்கமாகத் தொடங்குவது அக்டோபரின் பிற்பாதியில். தீபாவளி வருவது பெரும்பாலும் ஐப்பசியில். 2024-இல் அக்டோபர் 31-ஆம் தேதியும், 2025-இல் அக்டோபர் 20-ஆம் தேதியுமாக அது அமைந்தபோது, புதுத் துணி வாங்கும் காலமும் தெருவில் தண்ணீர் நிற்கும் காலமும் ஏறக்குறைய ஒன்றாகவே நேர்ந்தன. ‘எங்க ஏரியாவுல முழங்கால் தண்ணிண்ணே’ என்பது ஆகவே நம்பத்தக்க உற்றது உரைத்தல்தான். எனினும் நவீன விஞ்ஞானம் இதனையும் விட்டுவைக்கவில்லை. ‘அப்படியா? ஒரு வீடியோ எடுத்து அனுப்பு பாப்போம்’ என்று கேட்கும் சூப்பர்வைசர்கள் தோன்றியிருக்கிறார்கள். பிரத்தியட்சமே பிரமாணங்களுள் முதன்மையானது என்ற கோட்பாட்டை இவர்கள் எந்தக் குருவிடம் கற்றார்களோ அறியோம். மணிமேகலையின் இருபத்தொன்பதாம் காதையில் அறவண அடிகள் பக்கப்போலி, ஏதுப்போலி, திட்டாந்தப்போலி என்று வாதக் குற்றங்களையெல்லாம் நுணுக்கமாக விரித்துரைக்கிறார். அதைப் படிக்காமலேயே, காய்ச்சல் என்று சொன்னவனின் குரலில் கரகரப்பு இல்லாமையைக் கண்டு ஏதுப்போலி என்று நிர்ணயிக்கும் ஆற்றல் இரண்டாவது மாடிச் சட்டைப் பிரிவின் பொறுப்பாளருக்கு வாய்த்திருக்கிறது.

உறுவது கூறல், இனி நேரவிருப்பதைச் சொல்லுதல். ‘நைட்டு முடிய லேட்டாயிடும், கடைசி ட்ரெயின் போயிடும்ணே’ என்பதும், ‘நாளைக்கு எக்ஸாம்ணே’ என்பதும் இதன்பாற்படும். உற்றதற்கு மருந்து கொடுப்பவர் உறுவதற்கு வாக்குறுதி கொடுக்கிறார். ‘பத்து மணிக்கெல்லாம் அனுப்பிடறேன்’ என்பது அவ்வாக்குறுதியின் வாய்பாடு. பரீட்சை விஷயத்தில், ‘நாளைக்குத்தான?’ என்ற ஒரு சொல்லே போதுமானதாகிறது. இனமொழியாவது, ‘இன்னைக்கு முடியாதுண்ணே, நாளைக்குக் காலையிலேயே வந்துர்றேன்’ என்று கேட்டதற்கு ஈடாக வேறொன்றை வழங்குதல். இலக்கண நூலார் இதனைக் கடைசியில் வைத்தது எவ்வளவு பொருத்தம்! கடைசிப் புகலிடம் இதுவே. ஆனால் எதிர்முனையில் இருப்பவர் வியாபாரி. கொடுப்பதை வாங்கிக்கொண்டு, கேட்டதையும் விடாமல், ‘சரி, நாளைக்குக் காலையில வந்துரு, இன்னைக்கும் ஒரு நாலு மணிக்கு வந்துட்டுப் போ’ என்கிறார்.

ஆகக் குறிப்பு விடைகள் ஐந்தும் தோற்கின்றன. இதற்குக் காரணம் சூப்பர்வைசரின் கொடுமை என்று சொல்லிவிடலாகாது; அவரும் மாதச் சம்பளக்காரர், அவருக்கு மேலே ஃப்ளோர் மேனேஜர் ஒருவர், அவருக்கும் மேலே கல்லாவில் அண்ணாச்சி. என் சித்தாந்தம் யாதெனில், காரணத்தோடு கூடிய மறுப்பு மறுப்பே அன்று, விண்ணப்பம் என்பது. காரணம் சொன்னவுடனே, அந்தக் காரணம் போதுமா போதாதா என்று தீர்மானிக்கும் அதிகாரம் கேட்பவர் கைக்குச் சென்றுவிடுகிறது. பையன் நீதிபதியின் ஆசனத்திலிருந்து தானே இறங்கிக் கூண்டில் ஏறிக்கொள்கிறான். அப்புறம் மாத்திரையும் வாக்குறுதியும் வீடியோவும் வருவதில் வியப்பென்ன? காரணம் எவ்வளவு உண்மையானதோ அவ்வளவுக்கு நிலைமை மோசமாகிறது என்பது இதிலுள்ள விபரீதம். பொய்க்காரணம் சொன்னவன் அதைத் தேவைக்குத் தக்கவாறு வளர்த்துக்கொள்ளலாம். உண்மையாகவே காய்ச்சலடிப்பவன் தெர்மாமீட்டர் காட்டியதற்குமேல் அரை டிகிரியும் கூட்ட மாட்டாதவனாய்த் தவிக்கிறான்.

போனை எடுக்காமலே இருந்துவிடுவதை ஒன்பதாம் விடையாகக் கொள்ளலாம் என்பார் ஒரு சாரார். அதனை ஒப்புவதற்கில்லை. வாட்ஸப்பில் நீலக்குறி விழுந்த செய்திக்கு மௌனம் சாதிப்பதும், காலையெல்லாம் அணைந்து கிடந்த போனிலிருந்து மாலையில் நண்பர்களோடு பீச்சில் நிற்கும் படத்தை ஸ்டேட்டஸில் வைப்பதும் விடையல்ல, வாக்குமூலம்.

பிற தேசத்தார் இவ்விஷயத்தில் செய்திருப்பதைச் சுருங்கக் காண்போம். லண்டன் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்கள் அன்றன்று காலையில் வாயிலில் கூடி நின்று, பொறுக்கியெடுக்கப்பட்டவர்கள் மட்டும் ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ வேலை பெற்று வந்த வழக்கத்தை எதிர்த்து 1889-இல் வேலைநிறுத்தம் செய்து, அழைத்தால் குறைந்தது நான்கு மணி நேர வேலையேனும் தர வேண்டும் என்ற உரிமையைப் பெற்றார்கள். ஜெர்மனியில் பகுதி நேர வேலை பற்றிய சட்டத்தின் 12-ஆம் பிரிவு, முதலாளி நான்கு நாட்களுக்கு முன்பாகத் தெரிவித்திருந்தாலன்றி, அழைப்பின்பேரில் வேலை பார்ப்பவன் வரக் கடமைப்பட்டவன் அல்லன் என்று கூறுகிறது. நெதர்லாந்திலும் 2020 முதல் பொதுவிதி நான்கு நாட்களே. அதற்குள் அழைப்பை ரத்து செய்தால் வராத வேலைக்கும் கூலி தர வேண்டுமென்பது அங்கே கூடுதலான விசேஷம். நியூயார்க் நகரில் 2017 முதல் நடைமுறையிலுள்ள விதிப்படி, பெரிய சில்லறைக் கடைகள் எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் புதிய ஷிப்ட் ஒன்றைச் சேர்க்க வேண்டுமாயின் தொழிலாளி எழுத்து மூலம் சம்மதித்தாக வேண்டும். ஐரோப்பிய யூனியன் 2019-இல் பிறப்பித்த கட்டளையோ, தக்க முன்னறிவிப்பின்றி வந்த வேலையை மறுத்ததற்காக ஒருவனுக்குத் தீங்கு நேரக்கூடாது என்று பொதுப்படவே விதிக்கிறது.

நம் ராஜதானியும் இத்துறையில் பின்தங்கியதன்று. 1947-ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் நாளொன்றுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு நாற்பத்தெட்டு மணி நேரம் என்று வரையறுத்து, மிகை நேரத்துக்கு இரட்டிப்புக் கூலியும் விதித்தது. நாள் முழுதும் நின்றே கிடக்கும் விற்பனையாளர்க்கு இருக்கை போட வேண்டும் என்று 2021-இல் ஒரு திருத்தமும் செய்யப்பட்டது. கேரளம் 2018-இலேயே இதைச் செய்துவிட்டது என்பதை நாம் இங்கு அழுத்திச் சொல்ல வேண்டுவதில்லை. ஆனால் காலை ஒன்பதே காலுக்கு அழைப்பதைப் பற்றி ஜெர்மானியர் வகுத்தது போன்ற நாட்கணக்கு எதுவும் நம் சட்டத்தில் இல்லை.

இல்லாததால் குறையொன்றுமில்லை என்று வாதிக்கவும் இடமுண்டு. ஜெர்மானியத் தொழிலாளியை ஓர் ஒப்பந்தம் கட்டியிருக்கிறது. ஆகவே அவனை அவிழ்க்க ஒரு சட்டம் தேவைப்பட்டது. நம் சீசன் ஆளைக் கட்டியது எது? அவன் கையெழுத்திட்ட காகிதம் இல்லை. தினக்கூலி, இன்று வந்தால் இன்றைக்கு உண்டு, வராவிட்டால் இல்லை. கடை ஊழியர்களையெல்லாம் ஐப்பசியில் அடக்கி வைத்திருக்கும் போனஸ் என்ற மகத்தான மந்திரமும் அவனிடம் செல்லாது. 1965-ஆம் ஆண்டின் போனஸ் சட்டம் வகுத்த விதிப்படி ஓராண்டில் முப்பது வேலை நாட்களேனும் உழைத்தவர்க்கே அது உரியது, சீசனோ பெரும்பாலும் அதற்குள் முடிந்துவிடுகிறது. சட்டத்தின் கண்கொண்டு நோக்கினால் தியாகராய நகரிலேயே பூரண சுதந்திரம் பெற்ற பிரஜை இவன் ஒருவனே. இருந்தும், ஜெர்மானியன் ஒரு சட்டப்பிரிவைக் காட்டிச் சாதித்துக்கொள்வதை இவன் ஒரு பாட்டியைக் கொன்று சாதிக்க வேண்டியிருக்கிறது.

ஏனெனில் அவன் கடைக்குத் தானே வந்தவன் அல்லன், கொண்டுவந்து விடப்பட்டவன். பக்கத்து வீட்டு மாமாவோ, அத்தை மகனோ, அதே கடையில் பத்தாண்டாக நிற்கும் ஊர்க்காரர் ஒருவரோ, ‘நம்ம பையன்தான், பாத்துக்கோங்க’ என்று சொல்லி விட்டிருக்கிறார். ஒப்பந்தத்தில் இல்லாத ஷரத்துகள் எல்லாம் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கின்றன. பையன் மறுத்தால் அந்த மறுப்பு கடையோடு நிற்பதில்லை. சூப்பர்வைசர் ஊர்க்காரரிடம், ‘உங்க பையன் வரமாட்டேங்கான்’ என்பார். ஊர்க்காரர் மாமாவிடம் சொல்வார். மாமா அக்காளிடம் சொல்வார். கால் மணி நேரத்துக்குள், சமையலறையிலிருந்து கையில் கரண்டியோடு மேல்முறையீட்டு நீதிமன்றம் வெளிப்பட்டு, ‘ஏன்டா, அவ்வளவு தூரம் சொல்லிவிட்ட மனுஷன் மூஞ்சியில எப்படிடா முழிக்கறது? போயிட்டு வந்துரேன்’ என்று தீர்ப்பளிக்கும். இந்த நீதிமன்றத்தில் நான்கு நாள் முன்னறிவிப்பு, எழுபத்திரண்டு மணி நேரம் ஆகிய வாதங்கள் எடுபடா. காய்ச்சல் என்ற ஏது இங்கே முழுவதும் பயனற்றது. தொட்டுப் பார்க்கும் அதிகாரம் படைத்த நீதிமன்றம் இது ஒன்றே.

இனி மறைவிடைக்கு வருவோம். ‘இன்னைக்கு வரலைண்ணே.’ இவ்வளவே. இதன் ரூபம் எளிது, சாதனை கடினம். கடினம் சொல்வதில் இல்லை, சொன்னபின் நிறுத்திக்கொள்வதில் இருக்கிறது. எதிர்முனையில் மூன்று விநாடி மௌனம் நிலவும். அந்த மூன்று விநாடியில் காரணம் ஒன்று நாவின் நுனிவரை வந்து நிற்கும். அதை விழுங்கிவிடத் தெரிந்தவனே இவ்வித்தையில் தேர்ந்தவன். ‘ஏன், என்ன விஷயம்?’ என்ற வினா அடுத்து வரும். ‘ஒண்ணுமில்லண்ணே. இன்னைக்கு வரலை.’ மரியாதைக்கு ‘அண்ணே’ இருக்கிறது. பொய் இல்லாமையால் பின்னால் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியது எதுவும் இல்லை. கூண்டில் ஏறாமையால் குறுக்கு விசாரணையும் இல்லை.

இது முரட்டுத்தனமல்லவா என்று ஆட்சேபிப்பவர்கள் சூப்பர்வைசரின் நிலையை எண்ணிப் பார்த்தவர்களல்லர். கடை திறந்தாகிவிட்டது, இரண்டாவது மாடியில் இருவர் குறைகிறார்கள், கையில் ஒரு நோட்டுப் புத்தகம், அதில் வரிசையாகப் பெயர்களும் எண்களும். அவருக்கு வேண்டியது ஆள். ஆள் இல்லையென்றால் இல்லை என்ற செய்தி, அதுவும் அரை நிமிஷத்துக்குள். பாட்டியின் கடைசித் தருணங்களை அவர் பொறுமையோடு கேட்டு முடிப்பதற்குள், பட்டியலில் அடுத்துள்ளவன் ஒருவேளை சினிமாவுக்குக் கிளம்பிவிட்டிருப்பான். ஆகவே விரைவான மறுப்பே அவருக்குச் செய்யும் உபகாரம். அதை அவரும் உணர்கிறார் என்பதற்குச் சான்று, இரண்டாம் முறை ‘வரலை’ என்று கேட்டவுடன் கோபம் கொள்ளாமல், ‘சரி, உன்கூட வருவானே அந்தப் பல்லாவரத்துப் பய, அவன் நம்பரச் சொல்லு’ என்று அவர் கேட்பதே. இவ்விடத்தில் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். சங்கத் தலைமையை மறுப்பவர் பிறர் விலாசத்தைக் கொடுக்கும் சம்பிரதாயம் இங்கே தொழிற்பட்டுவிட்டால், பல்லாவரத்தான் நட்பு அத்துடன் முடிந்தது.

மற்றுமோர் ஆட்சேபம்: இப்படிச் சொன்னவனை அடுத்த பொங்கலுக்கு அழைக்க மாட்டார்கள். இது பெரியோர் பலரும் கூறுவதாதலின் மரியாதையோடு மறுக்கப்பட வேண்டியது. கூட்டம் குவியும் நாளில் கடைக்கு ஞாபக சக்தி இருப்பதில்லை. ஆள் கிடையாத நேரத்தில் பெயர்ப்பட்டியலைத் திறப்பவர், யார் எப்போது எந்தச் சுருதியில் மறுத்தான் என்று குறிப்பு வைத்திருந்து பார்ப்பதில்லை. மேலிருந்து கீழாக அழைத்துக்கொண்டே போகிறார். தவறாமல் வந்தவனுக்கு இதனால் ஒரு லாபம் உண்டாகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அவன் பெயர் பட்டியலில் முதலாவதாக ஏறுகிறது. அடுத்த சீசனில் ஒன்பதே காலுக்கு வரும் அழைப்பு அவனுக்கு ஒன்பது மணிக்கே வரும்.

எஞ்சியிருப்பது ஒரு பிரகரணம். இதுவரை கடை அழைக்க ஆள் மறுப்பதைக் கூறினோம். ஆளைக் கடை மறுப்பதும் உண்டு. 2024-ஆம் ஆண்டு அக்டோபரின் நடுவில் பெருமழை வருமென்று அஞ்சி வேளச்சேரி மேம்பாலத்தின்மீது ஜனங்கள் தம் கார்களை வரிசையாக நிறுத்தி வைத்தார்களே, அத்தகைய நாட்களில் ஜவுளிக் கடைப் படியேறுவோர் குறைந்துவிடுகிறார்கள். சீசன் ஆளோ, முந்தின இரவு சொன்னபடி, கடை கொடுத்த டீ-ஷர்ட்டை மாட்டிக்கொண்டு, பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு தண்ணீரில் நடந்து, ரயிலேறிக் கிண்டி வரை வந்துவிட்டான். போன் அடிக்கிறது. ‘தம்பி, எங்க இருக்க?’ என்ற முன்னுரை இம்முறை இல்லை. ‘இன்னைக்கு வர வேண்டாம் தம்பி.’ நெதர்லாந்துக்காரனாயிருந்தால் அன்றைய கூலியைக் கணக்குப் பார்க்கத் தொடங்கியிருப்பான். இவன், ‘சரிண்ணே’ என்கிறான். நன்னூலார் மூன்றாவதாக வைத்த நேர்விடை, நமது ஆராய்ச்சியுள் தூய நிலையில் காணப்படும் இடம் இது ஒன்றே. காரணம் இன்னதென்று அந்தச் சூப்பர்வைசர் விளக்கியதாகவோ, கிண்டி பிளாட்பாரத்தில் நின்றவன் அதைக் கேட்டதாகவோ தெரியவில்லை. மறைவிடையை எவ்வளவு சுருக்கமாகச் சொல்லலாம் என்பதற்கு உதாரணம் தேடுவோர் வேறெங்கும் போக வேண்டுவதில்லை.